விம்கோ நகரில் ஒரு மலைநாட்டுப் பிள்ளை

கோவில்பட்டியிலும் சாத்தூரிலும் வீட்டுத் திண்ணைகளில் தீப்பெட்டி ஒட்டும் கைகளைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, ஸ்வீடன் தேசத்து முதலாளிகள் 1923-இல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனியின் பெயர்ச் சுருக்கமே ஒரு பேட்டைக்குப் பெயராக நிலைத்துவிட்டது என்ற செய்தி, விம்கோ நகரில் என் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்று அவ்வளவு உவப்பாக இல்லை. சென்னை என்றால் மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியுமே என்று எண்ணித் தெற்கிலேயே சுற்றிவிட்டு ஊர் திரும்புகிற என் போன்றோர் வடசென்னையைப் பற்றி வைத்திருக்கும் அபிப்பிராயத்தை, எண்ணூர்ப் பக்கத்துக் காற்றின் நெடியும், இரவு முழுவதும் உறுமிக்கொண்டு நகரும் கன்டெய்னர் லாரிகளும் முதலில் உறுதிப்படுத்தவே செய்தன.

அந்த வீட்டு மாடியில் மார்த்தாண்டத்துக்காரரான ஒரு மிஷனரி அம்மையார் தங்கியிருந்தார். ஜார்க்கண்டில், இராஜ்மகல் மலையில் வாழும் மால்தோ மக்களிடையே பல்லாண்டுகளாக ஊழியம் செய்பவர். அங்கிருந்து எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவனை வைத்தியத்துக்காக அழைத்து வந்திருந்தார். முழங்கால் எலும்பைக் காசநோய் அரித்திருந்தது. கடலையோ தமிழையோ அறியாத அந்தப் பிள்ளைக்குச் சென்னை அயல்தேசமேதான்.

பள்ளியும் மருந்தும் கொடுத்து, அதற்கு விலையாக ஒரு ஜனத்தின் பழக்கவழக்கங்களை வாங்கிக்கொள்பவர்களே மிஷனரிகள் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு; பாளையங்கோட்டையில் அவர்கள் வைத்த பள்ளியிலேயே படித்தும் அது முற்றும் கரையவில்லை. அந்த எண்ணத்தோடுதான், தங்கை கட்டிக்கொடுத்த சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு, பையனைச் சேர்த்திருந்த இராயபுரம் ரெய்னி ஆஸ்பத்திரிக்கு மத்தியான வேளைகளில் போய்வரலானேன்.

சச்சரவு அங்கேதான் நேர்ந்தது. அம்மையார் மருந்து வாங்கப் போயிருந்த நேரம், கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பையனுக்குப் பொழுது போகட்டுமே என்று விரலைப் பிடித்து ஒன்று, இரண்டு எனத் தமிழ் எண்களைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவர் முகம் மாறிவிட்டது.

“வேண்டாம் அண்ணாச்சி. ஊசி போடுறவங்க தமிழ், பக்கத்துக் கட்டில் தமிழ், வார்டு கூட்டுறவங்க தமிழ். நான் ஒருத்திதான் இங்கே அவனுக்கு வீடு. நீங்களும் பாடம் எடுத்தா அவன் எப்போ இளைப்பாறுவான்?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “இத்தனை கரிசனம் உள்ளவர் பெற்றவளை அல்லவா கூட்டிவந்திருக்க வேண்டும்?” என்றேன். குரல் உயர்ந்துவிட்டதால் நர்ஸ் வந்து எங்கள் இருவரையும் வராந்தாவுக்கு அனுப்பினாள்.

“கெஞ்சிப் பார்த்தேன். கைக்குழந்தையை எங்கே விட்டுட்டு வருவா? ரயிலடி மட்டும் வந்தா. என் முந்தானையிலே அவன் கையை முடிஞ்சிட்டுப் போனா,” என்றார் அவர். அந்த முந்தானை முனை கசங்கிச் சுருண்டிருந்ததையும், பையன் தூங்கும்போதும் அதைப் பற்றியே கிடந்ததையும் நான் முன்பே கண்டிருந்தேன். காரணந்தான் அன்றைக்குத் தெரிந்தது. ஆயினும் தாய் வந்திருக்க வேண்டும் என்ற என் கட்சியை நான் விடவில்லை.

அந்த ஆஸ்பத்திரியின் பூர்வோத்தரத்தை விசாரிக்க எனக்கு ஆவல் பிறந்தது அதற்குப் பிறகே. ஸ்காட்லாந்திலிருந்து 1888-இல் வந்த மெட்டில்டா மக்ஃபெயில் என்ற பெண் டாக்டர், இந்தப் பகுதி ஸ்திரீகளுக்கும் குழந்தைகளுக்கும் என்று தொடங்கிய சிறு மருந்தகமே பிற்பாடு ரெய்னி ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. அவர் முதல் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பா சென்று, பிரான்சில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்துச் சலான்ஷ் என்னும் ஊரில், காசநோய் கண்ட செர்பியர்களுக்கான ஆஸ்பத்திரியை நடத்தினார் என்று அறிந்தபோது நான் திகைத்துப்போனேன். நாடிழந்து வந்தவர்கள், பிரெஞ்சு அறியாதவர்கள், காசநோய்க்கு அந்நாளில் மருந்தும் கிடையாது, மலைக்காற்றும் பாலும் ஓய்வுமே சிகிச்சை. நோயாளிக்கும் அயலூர், வைத்தியருக்கும் அயலூர் என்ற அந்நிலையில் ஒருவர் மற்றொருவருக்கு என்னவாக இருந்திருப்பர் என்பதை, வார்டின் கோடியில் மால்தோ பாஷையில் ஓயாமல் கதை சொல்லிக்கொண்டிருந்த அம்மையாரைக் கண்டே நான் ஊகித்தேன். எங்கள் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், திராவிட மொழிக் குடும்பத்தில் சேர்த்துப் பேசிய இராஜ்மகல் மொழி அதுதான். எவ்வளவு உற்றுக் கேட்டும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சீழை எடுத்துக் கட்டுப்போட்டு அனுப்பிய பின்னும் பையன் சாப்பிடுவதாக இல்லை. தங்கை வைத்த வஞ்சிர மீன் குழம்பை முகர்ந்துவிட்டுத் தள்ளினான், இட்லியும் அப்படியே. ஒரு மாலை அவனைத் தூக்கிக்கொண்டு எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் போனபோது, ஓர் அத்தோ வண்டியைக் கண்டதும் அவன் தலை நிமிர்ந்தது. 1962-க்குப் பின் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர் கொண்டுவந்த பண்டம் அது. கடைக்காரர் நூடுல்ஸையும் கோஸையும் வெங்காயத்தையும் கையாலேயே பிசறி, புளித்தண்ணீர் தெளித்து, வறுத்த பூண்டைத் தூவி, பேஜோ என்னும் பொரித்த பண்டத்தை நொறுக்கிப் போடும் வேகத்தை அவன் இமைக்காமல் பார்த்தான். “தம்பிக்குக் காரம் வேணாம்” என்று அவரே மிளகாய்த் தூளை ஒதுக்கி வைத்துவிட்டு, வாழைத்தண்டு சூப்பையும் ஒரு கிண்ணத்தில் ஊற்றினார். பையன் தட்டை வழித்துத் தின்றான். பிறகு இன்னொரு தட்டுக்குக் கையை நீட்டினான். அம்மையார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ, அந்தப் பேட்டையின் நெடியும் இரைச்சலும் அன்றோடு ஒரு பொருட்டாகத் தோன்றாமல் போயின.

ஓராண்டுக்கு மேல் மாத்திரை சாப்பிட வேண்டும், ஆனால் ஊரிலேயே இருந்து சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லி, அவர்கள் ஜில்லாச் சர்க்கார் நிலையத்தில் இலவசமாக மருந்து வாங்கக் கடிதமும் கொடுத்தார். நுரையீரல் காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்தாலும் சரி, ஏழை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் சரி, குணம் ஒன்றே என்று உலகத்துக்குக் காட்டிய ஆராய்ச்சி, 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கி, இந்நகரத்து ஏழை ஜனங்களிடையேதான் நடந்தது. 1959-இல் அதன் முடிவு வெளிவந்தது. சென்னை கண்ட அந்த உண்மையின் பயனாகவே இத்தகைய பிள்ளைகள் இன்று வீடு திரும்ப முடிகிறது.

மலைமேல் அவ்வூருக்கு வண்டிப்பாதை இல்லையாமே, மாத்திரை எப்படித் தவறாமல் போய்ச்சேரும் என்று கேட்டேன்.

“நான் நடந்து கொண்டுபோய்க் கொடுப்பேன், அண்ணாச்சி. வாயிலே போடுறது அவன் அம்மாதான்,” என்றார்.