சுக்கான் பிடிப்பவரின் படம்

போர்ட் பிளேரில் (இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்) இருக்கும் நண்பர் பல வருடங்களாகப் பறவைகளைப் படமெடுப்பவர். அவர் எடுத்த வெண்வயிற்றுக் கடற்கழுகுப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு எந்த கேமரா, எந்த லென்ஸ் என்று விசாரித்தேன். "அதை விடுங்க. லாங் ஐலண்ட் போய் அந்தப் படகுக்காரரைப் பாருங்க" என்று ஒரு போன் நம்பரை அனுப்பினார்.

ரங்கத்தை அடுத்த யெரட்டா படகுத்துறையிலிருந்து லாங் ஐலண்டுக்குப் படகு இருக்கிறது. ஒருகாலத்தில் பிளைவுட் ஆலையை நம்பி வாழ்ந்த ஊர் இது. அந்தமான் காடுகளில் மரம் வெட்டுவதற்கு 2002-இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்த பிறகு மரத்தொழிலே சுருங்கிவிட்டது. படகுக்காரரின் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். யானைகள் இழுத்துவந்த மரங்களைத் தெப்பமாகக் கட்டும் வேலை அவருக்கு. மகன் இங்கேயே பிறந்தவர். மீன்பிடித்தார், சரக்கு ஏற்றினார். இப்போது கேமராக்காரர்களைத் தன் டோங்கிப் படகில் கூட்டிப்போகிறார். தமிழும் இந்தியும் அவர் பேச்சில் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கின்றன.

இரண்டு மீட்டர் அகலத்துக்குச் சிறகை விரிக்கும் பறவை வெண்வயிற்றுக் கடற்கழுகு. தலை, மார்பு, வயிறு எல்லாம் தூய வெள்ளை. முதுகு சாம்பல். கீழிருந்து பார்த்தால் சிறகின் முன்பாதி வெள்ளை, பின்பாதி கறுப்பு. வட்டமடிக்கும்போது சிறகுகளை மேல்நோக்கித் தூக்கிப் பிடிக்கும். தொலைவிலேயே அடையாளம் தெரிந்துவிடும்.

வெள்ளைதான் தொல்லை. கேமராவின் ஒளிமானி காட்சி முழுவதையும் சராசரி பார்க்கும். பின்னால் இருண்ட காடு இருந்தால் அதற்கு வெளிச்சம் கூட்டப் பார்க்கும். கழுகின் வயிறு இறகே தெரியாத சுண்ணாம்புத் திட்டாகிவிடும். பின்னால் வெளுத்த வானமென்றால் பறவை அழுக்குச் சாம்பலாகும். காட்டின் முன்னிருந்து வானத்துக்குக் கழுகு ஏறும் ஒரே நொடியில் இரண்டும் நடக்கும். அதனால் தானியங்கி அளவை அணைத்துவிட்டு, வெயில் விழும் ஒரு வெள்ளைப் பொருளுக்கு அளவு வைத்து, வெயில் மாறும்வரை அதைத் தொடாமல் இருக்க வேண்டும். பாறையில் நின்ற வெள்ளைக் கொக்கு ஒன்று எனக்கு அப்படி உதவியது. நொடியில் 2000-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் வைத்தேன். மீதி அமைப்புகள் கேமரா கையேட்டிலேயே இருக்கின்றன, இங்கே வேண்டாம்.

வெயிலும் அதிக நேரம் கிடைக்காது. தீவு கிழக்கே வெகுதூரம் தள்ளியிருந்தாலும் கடிகாரம் இந்திய நேரத்தில்தான் ஓடுகிறது. ஜனவரியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். தாழ்ந்த வெயில் இருக்கும்வரைதான் சிறகின் அடிப்பக்கத்தில் ஒளி படும். எட்டு மணிக்கு மேல் வயிறு நிழலுக்குள் போய்விடும்.

வெள்ளைப் பறவைக்குக் கறுப்புப் பின்னணி தேடுவது புதிதல்ல. பிரான்ஸின் எத்தியென் ழூல் மாரே 1882-இல் துப்பாக்கி வடிவக் கேமராவால் நொடிக்குப் 12 படம் எடுத்தார். பிறகு கறுப்புப் பின்னணிக்கு முன்னால் வெள்ளைப் பறவைகளைப் பறக்கவிட்டு, சிறகடிப்பின் ஒவ்வொரு நிலையையும் ஒரே தகட்டில் பதித்தார். லாங் ஐலண்டில் அந்தக் கறுப்புத் திரையைக் காடு கட்டி வைத்திருக்கிறது. பறவை அதன் முன்னால் வரும்போது நாம் சரியான இடத்தில் இருக்க வேண்டும். அந்த வேலையை நான் செய்யவில்லை.

"பறவைய துரத்தாதீங்க சார். அது திரும்பி வர்ற வழியில நில்லுங்க" என்றார் படகுக்காரர். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, நீவாடு என்னும் நீரோட்டம் எப்படி இழுக்கிறது என்று பார்த்தார். கழுகு காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். அந்த நேரத்தில் அதன் முகமும் மார்பும் எந்தப் பக்கம் இருக்கும், வெயில் நம் முதுகில் இருக்குமா என்பதையெல்லாம் கணக்கிட்டுச் சுக்கானைத் திருப்பினார். இன்ஜினை அணைத்தார். அதிர்வு நின்றால்தான் கைக்கேமரா நிற்கும். டோங்கி நீவாட்டோடு மெல்ல நகர்ந்து, காடு பின்னணியாக விழும் இடத்துக்குத் தானாகவே வந்தது.

கழுகு பெரும்பாலும் விராலடிப்பான்போல் தண்ணீருக்குள் பாய்வதில்லை. சரிந்து வந்து, காலை முன்னே நீட்டி, மேற்பரப்பிலேயே கவ்வும். கடல்பாம்பும் அதற்கு இரைதான். அன்று மீன். கனத்தோடு மேலேற முடியாமல் காட்டை ஒட்டித் தாழ்வாகப் பறந்தது. நான் பொத்தானை அழுத்தினேன், அவ்வளவுதான். அந்தப் படத்தில் பாதிக்குமேல் சுக்கான் பிடித்தவருடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் பணம் அப்படிப் பிரிவதில்லை. 'பறக்கும் கழுகு நிச்சயம்' என்று பெருநகரங்களில் பயணத்தை விற்கிறவர்கள் ஒருபுறம். இவருக்கு ஒருநாள் படகு வாடகை, டீசலும் அதற்குள்ளேயே. கழுகு வராத நாளில் அதிலும் பேரம். நிச்சயம் என்று விற்றுவிட்ட பிறகு கழுகின் விருப்பத்துக்குக் காத்திருக்க முடியுமா? மீன் வாங்கி வீசச் சொல்கிறார்கள். இது இங்கே மட்டும் நடப்பதல்ல. கென்யாவின் பாரிங்கோ ஏரியில் படகுக்காரர்கள் மீனுக்குள் தக்கைத் தண்டைச் செருகி மிதக்கவிட்டு, விசிலடித்து மீன்கழுகைக் கூப்பிடுகிறார்கள். லங்காவியில் கோழித்தோலை இறைத்துக் கழுகுகளைக் கூட்டியிருக்கிறார்கள். காற்றும் நீவாடும் படிக்கத் தெரிந்த மனிதரை மீன் வீசும் கையாக மட்டும் பயன்படுத்துவது எனக்கு ஆத்திரத்தைத்தான் தருகிறது. முன்பணம் வாங்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கடலின் வாசனைகூடத் தெரியாது. இந்தப் படங்களுக்குப் பரிசும் உண்டு, அதில் படகுக்காரர் பெயர் எங்கும் இல்லை.

இதை அவரிடம் சொன்னபோது சிரித்தார். "பேரைப் போட்டா டீசல் வருமா சார்?"

அடுத்த வாரம் ஒரு கூட்டம் வருவதாக அன்று மாலையே போன். மீன் வாங்கி வைக்க வேண்டுமாம். "வாங்குவீங்களாண்ணே?" என்றேன். "வாங்கித்தானே ஆகணும். ஆனா கூடு இருக்குற பக்கம் படகு போகாது. அதை முதல்லயே சொல்லிட்டேன்" என்றார். வருடந்தோறும் அதே ஜோடி சுள்ளி சேர்த்துப் பெரிதாக்கும் கூடு அது. என்னையும் அந்தப் பக்கம் அவர் கூட்டிப்போகவில்லை.