தந்தையைப் பார்க்கப் போன சாலை

ஜோசொன் மரபு மன்னர்களின் கல்லறைகளில் 40, 2009 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. அத்தனையும் சுற்றிப் பார்க்க நேரமில்லையா? சியோலின் சாங்தொக்குங் அரண்மனை வாசலில் தொடங்கி, தெற்கே யுங்நுங் கல்லறை வரை மன்னர் ஜொங்ஜோ போன வழியில் போனாலே போதும்.

மன்னர் யொங்ஜோ 1762இல் தன் மகன், பட்டத்து இளவரசர் சாதோவைப் பத்தாயத்தில் அடைத்துப் பூட்டினார். எட்டாம் நாள் உயிர் போயிற்று. சாதோவின் மகன் ஜொங்ஜோவுக்கு அப்போது பத்து வயதுகூட நிறையவில்லை. 1776இல் அரியணை ஏறியும், தந்தைக்கு மன்னர் பட்டம் தர முடியாதபடி தாத்தாவின் ஆணை கையைக் கட்டியிருந்தது. பட்டம் தர முடியாவிட்டால் என்ன, சாலை போடலாமே! 1789இல் தந்தையின் கல்லறையைச் சுவோனுக்கு மாற்றினார். அந்த இடத்திலிருந்த ஊரையே பெயர்த்து வடக்கே குடியேற்றினார். இதில் பாசம் எவ்வளவு, அரசியல் எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம்.

1795இல் தாய் ஹேக்யோங்கின் 60 ஆண்டு நிறைவுக்காகச் சுவோனுக்கு எட்டு நாள் பயணம். சாதோவும் 1735இல் பிறந்தவர்தான். இருந்திருந்தால் அவருக்கும் அதே நிறைவு. நொர்யாங்ஜினில் ஹான் ஆற்றின் குறுக்கே 36 பெரிய படகுகளை வரிசையாகக் கட்டி, மேலே பலகை பரப்பிப் பாலம் போட்டார்கள். அந்த ஊர்வலத்தை வரைந்த ஏடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்கள் உண்டு. மன்னரின் குதிரை மட்டும் ஆளில்லாமல் நடக்கிறது. மன்னரை வரைவது மரபில்லை.

சிஹுங்கில் இரவு தங்கல். அடுத்து ஆன்யாங்கில் ஏழு வளைவுள்ள மானான் கல்பாலம். முன்பு இங்கே மன்னர் போகவர மரப்பாலம் கட்டிப் பிறகு பிரித்துவிடுவார்கள். 1795இல் கல்லில் கட்டியதால் ஊராரும் கால் நனையாமல் கடந்தார்கள். பாலம் இன்று கொஞ்சம் இடம் மாறி நிற்கிறது.

சுவோனுக்கு முன் ஒரு கணவாய். கல்லறையை வணங்கித் திரும்பும்போது மன்னர் இங்கே நின்று நின்று திரும்பிப் பார்ப்பாராம். 1807இல் வைத்த கல்வெட்டில் கொரியப் போரின் குண்டுத் தழும்புகள் இருக்கின்றன. சரிவில் இறங்கினால் அவர் நடவைத்த பைன் மரங்களில் மிஞ்சியவை சில.

சுவோனில் 1794–96இல் எழுந்த ஹ்வாசொங் கோட்டை மதில் 5.7 கிலோமீட்டர். வேலையாட்களுக்குக் கூலி கொடுத்தார்கள். கல் தூக்க அறிஞர் ஜொங் யாக்-யோங் கப்பிப்பொறி வடிவமைத்தார். மதிலைச் சுற்றி வந்த பசிக்கு மாட்டு விலா எலும்புக் கறி இருக்கிறது, சுவோன் அதற்குப் பேர்போனது.

தந்தையின் கல்லறையான யுங்நுங்கில் செந்நிற வாயிலுக்கு அப்பால் கற்பாதை இரண்டு மட்டமாகப் போகிறது. உயர்ந்தது ஆவிக்கு, தாழ்ந்தது மன்னருக்கு. நாம் தாழ்ந்ததில்தான் நடக்க வேண்டும். மேட்டைச் சுற்றிய கற்பலகைகளுக்கு இடையே தாமரை மொட்டுகள் செதுக்கியிருக்கிறார்கள். கல் ஆடுகளும் புலிகளும் மேட்டுக்கு முதுகு காட்டி வெளியே பார்த்துக் காவல் நிற்கின்றன. வழிபாட்டுக் கூடம் மேட்டுக்கு நேர் எதிரே இல்லை, ஒதுங்கியிருக்கிறது. பத்தாயத்தில் மூச்சுமுட்டிச் செத்தவருக்கு எதிரே எதுவும் மறைக்கக்கூடாது என்பதற்காக என்கிறார்கள். நிரூபணம் கேட்காமல் நம்பிவிட்டேன். சாதோவுக்கு மன்னர் பட்டம் வந்தது 1899இல், மகன் இறந்து 99 ஆண்டு கழித்து.

மரங்களினூடே கொஞ்சம் நடந்தால் மகனின் கல்லறை, கொல்லுங். 1800இல் தந்தைக்குக் கிழக்கே புதைத்தவரை, 1821இல் மேற்கே மாற்றி அரசியோடு ஒரே மேட்டில் வைத்தார்கள். இங்கே செதுக்கிய பலகைகள் கிடையாது, கல் வேலி மட்டும்தான். தந்தையின் கல்லறைக்குச் செய்த சிங்காரம் மகனுக்கு வாய்க்கவில்லை. திங்கட்கிழமை போய்விடாதீர்கள், இரண்டுமே மூடியிருக்கும்.