கடையாணியும் கார் வண்டியும்

மோட்டார் வண்டி வாங்குவது சுலபம். மோட்டார் வண்டி வைத்திருப்பதுதான் கஷ்டம். இந்தச் சிறிய உண்மையை நாம் கற்றுக்கொள்வதற்கு மூன்று வருஷமும், ஒரு ரேடியேட்டரும், ஒரு பெண் குழந்தையின் நாற்பத்தெட்டாயிரம் ரூபாயும் செலவாயின. முதல் இரண்டையும் நமது கணக்கில் எழுதிக்கொண்டோம். மூன்றாவதை எந்தக் கணக்கில் எழுதுவதென்று இன்றுவரை நமக்கு விளங்கவில்லை.

நாம் புதுக்கோட்டை மாவட்டத்தில் இலுப்பூரைத் தாண்டிய ஒரு சிற்றூரில் உபாத்தியாயர். சர்வகலாசாலையில் படித்துப் பட்டம் பெற்றவர் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஏனெனில், பின்னால் வரப்போகும் அசட்டுத்தனத்துக்கு அந்தப் பட்டமும் ஓரளவு காரணம். நாற்பது வயதைக் கடந்த பிறகு, வேறொருவர் ஓட்டிப் பழகிய சிறிய கார் ஒன்றை வாங்கினோம். வாங்கிய அன்று எலுமிச்சம்பழம் நசுக்கினோம். சந்தனம் குங்குமம் இட்டோம். ஆயுத பூஜை தோறும் மாலை போட்டோம். மற்றபடி, பெட்ரோல் ஊற்றுவதோடு வண்டிக்குச் செய்ய வேண்டிய கடமை முடிந்துவிட்டது என்பதே நமது சித்தாந்தமாக இருந்தது.

நமது தகப்பனார் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் அல்லர். ஆனால் மாட்டு வண்டி விஷயத்தில் அவர் ஒரு சாஸ்திரி. கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் மாலையே வண்டியைச் சுற்றி வருவார். இருசுக்கு மை போடுவார். அந்த மையை அவரே தயாரிப்பார். வைக்கோலைக் கரித்து, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தால் வண்டி மை. கடையாணியைத் தட்டிப் பார்ப்பார். கோடையில் மரம் வற்றி இரும்புப் பட்டா தளர்ந்தால், சக்கரத்தைக் குளத்தில் ஊறப் போட்டு எடுப்பார். "மாடு வாய்விட்டுச் சொல்லாது, வண்டியும் சொல்லாது, நாமதான் பாத்துக்கணும்" என்பார். சிறு வயதில் இதை நூறு தடவையாவது கேட்டிருப்போம். காது கேட்டதே தவிர மனம் கேட்கவில்லை.

அவ்வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, திண்ணையில் உட்கார்ந்திருந்த தகப்பனார், "ஏம்ப்பா, வண்டிக்கு அடியில ஈரமா இருக்கே?" என்றார்.

"அது ஏ.ஸி. தண்ணீர், அப்பா" என்று நாம் விஞ்ஞான பூர்வமாக விடை பகர்ந்தோம்.

"நீ ஏ.ஸி. போட்டே பத்து நாளாச்சே!"

இந்தக் கேள்விக்கு விடை நம்மிடம் இல்லை. விடை இல்லாத கேள்வியைக் கேட்கும் மாணவனை எப்படி உட்கார வைப்போமோ, அப்படியே தகப்பனாரையும் பேச்சை மாற்றி உட்கார வைத்துவிட்டோம். அந்த ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்திருந்தால் போதும். குளிர்சாதனம் சொட்டும் நீர் நிறமற்ற வெறும் நீர். ரேடியேட்டரிலிருந்து கசியும் கூலன்ட்டோ பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும், விரலில் வழுவழுக்கும். குனிவதற்குப் பட்டதாரிக்கு முதுகு வளையவில்லை.

மறுநாள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவித்தொகைப் பரீட்சை. தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வு என்பது அதன் நீண்ட பெயர். அதில் தேறி இடம் பெறும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும். இரண்டு தாள்கள், ஒவ்வொன்றிலும் 90 வினாக்கள், 90 நிமிஷங்கள். அதாவது வினாவுக்கு ஒரு நிமிஷம்.

நமது பள்ளியிலிருந்து நான்கு பேர் புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். காலை ஏழரை மணிப் பஸ்ஸில் போவதாகத்தான் ஏற்பாடு. நாம்தான் குறுக்கிட்டோம். "பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு போவானேன்? நமது காரிலே சௌகரியமாகப் போகலாம்" என்று பெருந்தன்மையோடு அறிவித்தோம். அந்தப் பெருந்தன்மையில் பாதிக்கு மேல் பெருமை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம்.

அன்னவாசலைத் தாண்டியதும் வெப்பம் காட்டும் முள் மேலே ஏறிற்று. பார்த்தோம். "இன்னும் கொஞ்ச தூரந்தானே, போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்தோம். மோட்டார் வண்டி வைத்திருப்பவர்கள் நினைக்கக் கூடிய நினைவுகளில் இதைப் போல் கெட்டது வேறில்லை. சித்தன்னவாசல் குன்று கண்ணில் படும் இடத்தில், பானெட்டிலிருந்து நீராவி புஸ்ஸென்று கிளம்பிற்று. வண்டி நின்றது.

இறங்கி, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனோம். அவ்வழியே வந்த லாரி டிரைவர் ஒருவர், "ஐயா! தொடாதீங்க! மூஞ்சி வெந்துபோகும்!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். மூடிக்குள்ளே நீர் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. அழுத்தத்தில் நீர் 100 டிகிரிக்கு மேலேயும் கொதிக்காமல் காத்திருக்கும்; மூடி திறந்த கணத்தில் பொங்கி மேலே பாயும். இதை வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவர் நாமே. வகுப்புக்கு வெளியிலும் நீர் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்பது நமக்குத் தோன்றவில்லை.

ஏழரை மணிப் பஸ் அதற்கு முன்பே எங்களைக் கடந்து போய்விட்டிருந்தது. கடைசியில் ஒரு பால் வண்டிக்காரர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார். முதல் தாள் தொடங்கி இருபது நிமிஷம் கழித்து அவர்கள் உள்ளே நுழைந்தார்கள்.

நடுரோட்டில் நின்றபோது பல விஷயங்கள் ஞாபகத்துக்கு வந்தன. 1888ஆம் வருஷம் ஜெர்மனியில், பெர்த்தா பென்ஸ் என்ற மாதரசி, கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பிறந்த ஊருக்குப் போனார். உலகத்தில் முதல் நீண்ட மோட்டார்ப் பிரயாணம் அதுவே. வழி நெடுகிலும் நின்று நின்று என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டதும் தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். பிரேக்குக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். அவரை விடப் பழைய வண்டியோ, அவரை விடக் குறைந்த வசதியோ நமக்கு இருந்ததென்று சொல்ல முடியாது.

ஜெர்மனி வரையில் போவானேன்? நமது மதுரையிலே 1912இல் பஸ் விட்ட டி.வி. சுந்தரம் ஐயங்காரைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். மாட்டு லாடங்களிலிருந்து விழுந்த ஆணிகள் டயரைக் குத்தி வண்டி தாமதமாகக் கூடாதென்று, காந்தம் கட்டிய வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கி எடுக்கச் செய்தாராம். சாலையில் கிடக்கும் ஆணிக்கே அவ்வளவு சிரத்தை! நாமோ சொந்த வண்டிக்கு அடியில் சொட்டிய துளியைப் பார்க்கவில்லை.

மெக்கானிக் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்தது செம்மண் குழம்பு. "வாத்தியாரய்யா, கூலன்ட்டுக்குப் பதிலா கிணத்துத் தண்ணிய ஊத்துனீங்களா?" என்றார். ஊற்றியிருந்தோம், மறுப்பதற்கில்லை. கூலன்ட் என்பது எதிலீன் கிளைக்கால் என்ற திரவத்தைச் சுத்த நீரில் கலந்தது. கொதிநிலையையும் உயர்த்தும், துருவையும் தடுக்கும். உப்புக் கலந்த கிணற்று நீரோ உட்புறத்தில் காரையாகப் படிந்து குழாயை அடைக்கும். கசிவுக்குக் காரணம், வயதாகி வெடித்திருந்த ஒரு ரப்பர்க் குழாய். அதன் விலை சில நூறு ரூபாய்தான். சூடேறிய என்ஜினைச் செப்பனிட ஆன செலவு அதைப் போல் பல மடங்கு.

பரீட்சை முடிவு வந்தது. நால்வரில் ஒருவருக்கும் இடம் கிடைக்கவில்லை. மூவரைப் பற்றி நாம் அதிகம் எதிர்பார்த்திருக்கவில்லை. நான்காவது பெண் நிச்சயம் தேறுவாள் என்று பள்ளிக்கூடமே நம்பியிருந்தது. "முதல் தாள்ல கடைசிப் பக்கங்களைப் பாக்கவே நேரமில்லீங்க ஐயா" என்றாள். அந்த இருபது நிமிஷந்தான் காரணமென்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆயினும், அது காரணமல்ல என்று சொல்ல நமக்கு வாய் இல்லை. நான்கு வருஷத் தொகையையும் நாமே கொடுத்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டு அவளுடைய வீட்டுக்குப் போனோம். களை வெட்டிவிட்டு வந்திருந்த தாயார், கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்க வேணும்னா செஞ்சீங்க, ஐயா? பணமெல்லாம் வேணாம். புள்ளைய நல்லாப் படிக்க வையுங்க, அது போதும்" என்றார். திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

அன்று முதல் சனிக்கிழமைக் காலை நமக்கு விரத நாள். தகப்பனார் திண்ணையில் அமர்ந்து மேற்பார்வை செய்ய, நாம் வண்டியைச் சுற்றி வருகிறோம். முதலில் குனிந்து தரையைப் பார்க்கிறோம். என்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட்டும் பிரேக் ஆயிலும் தத்தம் கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்கிறோம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஆகையால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, என்ஜின் ஆயிலின் அளவு பார்க்கிறோம். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை அதை மாற்றுவதென்று வண்டியோடு கொடுத்த புத்தகத்திலேயே இருக்கிறது. மூன்று வருஷமாக அதன் பிளாஸ்டிக் உறையைக் கூட நாம் பிரிக்கவில்லை!

டயருக்குக் காற்றை, வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் அளக்க வேண்டும். எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயரின் வரிப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றியே தீர வேண்டும். மழை நாளில் தேய்ந்த டயர் சாலையைப் பிடிக்காது. மாற்று டயரிலும் காற்று இருக்க வேண்டுமென்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நமது ஜில்லாவின் செம்மண் புழுதி காற்று வடிகட்டியைச் சீக்கிரம் அடைத்துவிடும். ஆகவே புத்தகம் சொல்லும் காலத்துக்கு முன்பே கழற்றிப் பார்ப்பது நலம். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் வண்டியின் அடிப்பாகத்தை அடிக்கடி நல்ல நீரால் கழுவ வேண்டும். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். எல்லாம் சேர்ந்து கால் மணி நேர வேலை.

அடுத்த வருஷமும் பரீட்சை வந்தது. இந்தத் தடவை பிள்ளைகளை ஏழரை மணிப் பஸ்ஸிலேயே ஏற்றினோம். பஸ்ஸுக்குப் பின்னால், ஒருவரையும் ஏற்றாமல், குடத்தில் நல்ல தண்ணீரோடு நமது காரை ஓட்டிக்கொண்டு போனோம். பஸ் நின்றுபோனால் கை கொடுக்கலாமே என்ற எண்ணந்தான். பஸ் நிற்கவில்லை, காரும் நிற்கவில்லை.

திரும்பி வந்ததும், "முள்ளு ஏறுச்சா?" என்று கேட்டார் தகப்பனார்.

"இல்லை, அப்பா."

அவர் திண்ணையை விட்டு இறங்கி வந்து, தள்ளாத வயதிலும் மெல்லக் குனிந்து, வண்டிக்கு அடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.