கொட்டாஞ்சேனை மேட்டை நோக்கி

வறிய சிறாரின் கல்விக்கு நிதி திரட்டும் பொருட்டுக் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை துவிச்சக்கரவண்டியில் செல்ல உத்தேசித்துள்ள நாம், ஞாயிறுதோறும் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குச் சென்று மீள்கிறோம். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கொட்டாஞ்சேனையோ பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். இச்சிறு ஓட்டத்தால் அப்பெரும் பயணத்துக்கு என்ன பயன் என வினவுவோர் உளர். கால்களைப் பழக்குவதற்கு வேறு நாட்களும் நீண்ட வீதிகளும் உள்ளன. கொட்டாஞ்சேனைக்குச் செல்வது, திரட்டும் பணம் யாருக்காகவோ அவர்களுடைய வாழ்வை அறிவதற்காகவே.

புறப்படுமுன் வண்டியைச் சோதித்தல் வேண்டும். மிதி கீழே நிற்கும்பொழுது அதன்மேல் வைத்த குதிகாலோடு கால் நிமிர்ந்திருக்குமாறு ஆசனத்தின் உயரத்தை அமைத்தால் முழங்கால் நோவாது. சங்கிலிக்கு எண்ணெய், சில்லுகளுக்குக் காற்று, தடைக்கட்டைகள் இவற்றை ஒவ்வொருவரும் தாமே பார்த்துக்கொள்கிறோம். ஒரே நிறச் சட்டை அணியவேண்டுமென இளைஞர் சிலர் விரும்பினர். அச்செலவில் எத்தனை அப்பியாசப் புத்தகங்கள் வாங்கலாம் என்று கணக்கிட்டதும் அப்பேச்சு அடங்கிற்று.

விடியுமுன் மரைன் டிரைவ் வீதி அமைதியாயிருக்கும். இடப்புறம் புகையிரதப் பாதை, அதற்கப்பால் கடல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் போகும்பொழுது காற்றே நம்மைத் தள்ளிச் செல்லும். வாங்கிய கடனை வட்டியுடன் மீட்பதுபோல் திரும்புகையில் எதிர்த்து நிற்கும். காலிமுகத்திடலையும் கோட்டையையும் கடந்து செட்டியார் தெருவை அடைந்தால், ஆடிவேல் தேர் பம்பலப்பிட்டியை நோக்கிப் புறப்படும் கதிரேசன் கோயில்கள் எதிர்ப்படும். தேர் வரும் திசைக்கு எதிராகவே நாம் செல்கிறோம்.

கொட்டாஞ்சேனையில் காணத்தக்கவை பல. பொன்னம்பல முதலியார் நிறுவி, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் ஆலயம், உயர்ந்த இடத்தில் நிற்கும் சாந்த லூசியா பேராலயம், 1897இல் கொழும்புக்கு வந்த சுவாமிகளின் பெயர் தாங்கிய விவேகானந்த மேடு ஆகியன அவற்றுட் சில. எனினும் நம் வண்டிகள் நிற்பது இவற்றுக்கிடையே உள்ள 'தோட்டங்களில்'. இச்சொல்லைக் கேட்டுத் தேயிலையை நினைக்கவேண்டா. நெருக்கிக் கட்டிய சிறு வீடுகளின் வரிசையே இங்கு தோட்டம்.

பீகார் மாநில அரசு 2006 முதல் மாணவியர் துவிச்சக்கரவண்டி வாங்கப் பணம் கொடுத்தது. அதன்பின் உயர்நிலைப் பள்ளிகளிற் சேர்ந்த பெண்களின் தொகை பெருகிற்று. அங்கே தடையாயிருந்தது தூரம். இங்கோ பாடசாலை கூப்பிடு தூரத்தில் உள்ளது. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1980இல் பாடநூலும் 1993இல் சீருடைத் துணியும் இலவசமாயின. அப்படியிருந்தும் பிள்ளைகள் ஏன் பின்தங்குகின்றனர் என்று ஒரு தாயைக் கேட்டோம். "படிக்க இடமில்லை ஐயா. தகப்பன் வேலையால வந்து படுத்தா விளக்கை நூர்க்கத்தானே வேணும்" என்றார்.

புத்தகப் பைகளும் சப்பாத்துகளும் வாங்கிப் பகிர்வதே நமது முதல் எண்ணமாயிருந்தது. புகைப்படத்துக்கு அவை அழகாயிருக்கும். 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் கொப்பிகளின் விலையும் ஏறியதால் அவற்றை அடியோடு விடவும் முடியவில்லை. ஆயினும் மாலையில் பிள்ளைகள் இருந்து படிக்க ஓர் அறையும், நல்ல விளக்கும், ஐயம் தீர்க்க ஓர் ஆசிரியரும் முதலில் வேண்டும் எனத் தீர்மானித்தோம்.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தோர் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி சேர்த்தனர். பிறர் உடல் வருந்தக் கண்டால் நம்மவர் கை தானே மடியைத் தேடும். கதிர்காமத்துக்கு நடந்துபோகும் அடியாருக்கு வழிநெடுக அன்னம் கிடைப்பதும் அவ்வாறே. வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் கிலோமீற்றருக்கு இவ்வளவென்று பலர் வாக்களித்துள்ளனர். வழிச்செலவை நாமே ஏற்பதால் அப்பணம் குறையாது போய்ச்சேரும்.

கொட்டாஞ்சேனையில் மாடியறை ஒன்றை வாடகைக்குப் பேசியிருக்கிறோம். கூரை ஒழுகுமா என்று பார்ப்பதற்காக, வரும் ஞாயிறு மழை பெய்தாலும் புறப்படுவதாயிருக்கிறோம்.