பூஜ்யம் வந்தால் பாஸ்!

கம்ப்யூட்டரில் கறுப்பு ஜன்னல் ஒன்று உண்டு, பார்த்திருப்பீர்கள். படம் கிடையாது, பட்டன் கிடையாது. கட்டளையை டைப் அடித்து என்டர் தட்டினால் வேலை நடக்கும். அங்கே ஒரு விநோதம் என்னவென்றால், புரோகிராம் ஒழுங்காக முடிந்தால் '0' என்று தகவல் கொடுத்துவிட்டுப் போகும். வேறு எந்த எண் வந்தாலும் ஏதோ கோளாறு. பூஜ்யம் எடுத்தால் பாஸ் என்பதை ஜீரணிக்க, பி.காம். படித்த எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது!

எங்கள் சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில், சனிக்கிழமைக் கூலியை இப்படியொரு புரோகிராம்தான் கணக்குப் போடுகிறது. கல்லூரிப் பையன் ஒருவன் எழுதிக் கொடுத்தது. ஒரு வாரம், தறி ஓட்டும் அக்கா ஒருவரின் பெயரே பட்டியலில் இல்லை.

"ஆறு நாளும் ஓட்டிருக்கேன் தம்பி... மெஷினு எம்பேர முழுங்கிருச்சே!" என்று என்னிடம் வந்து நின்றார்.

போய்ப் பார்த்தால், 10 சேலை என்பதில் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில எழுத்து 'ஓ' விழுந்திருக்கிறது. எண்ணாக மாற்ற முடியாத அந்த வரியைப் புரோகிராம் சத்தம் காட்டாமல் தாண்டிப் போய், கடைசியில் 'முடிந்தது' என்று பீற்றிக்கொண்டு '0'வும் கொடுத்திருக்கிறது. டைப்பிங் தப்பை மன்னிக்கலாம் சார். மூடி மறைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிழையை எங்கே போய்ச் சொல்வது என்பது பழைய தலைவலி. 1970-களில் அமெரிக்காவின் பெல் லேப்ஸில், அச்சுக்கோக்கும் யந்திரத்துக்கு அனுப்பிய பக்கங்களுக்குப் பதில் பிழைச் செய்தி அழகாக அச்சாகி வந்து, பலமுறை வேலை வீணானது. அதன் பிறகுதான் யூனிக்ஸில் பிழைக்கென்று 'ஸ்டாண்டர்டு எரர்' என்ற தனி வாசல் வைத்தார்கள். விடை ஒரு வழி, புகார் இன்னொரு வழி. இரண்டும் கலந்தால்? 1996 ஜூன் 4-ல் ஏரியான் 5 ராக்கெட்டில் அதுதான் நடந்தது. 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் திணிக்கப் பார்த்துக் கருவி மயங்கி விழுந்தது. அது அனுப்பிய பிழைத் தகவலை, ராக்கெட் பறக்கும் திசை பற்றிய தகவல் என்று கம்ப்யூட்டர் நம்பிவிட்டது. கிளம்பிய சுமார் 40 விநாடியில் ராக்கெட் காலி.

பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். "தப்பு வரி வந்தா மொத்தமா நிறுத்திரவா அண்ணே?" என்றான். ஒரு வரிக்காக எல்லார் கூலியும் நிற்பதா? மற்றவர்கள் கணக்கை முடி, தப்பான வரியைத் தேதி, பெயர், வரி எண்ணோடு 'லாக்' ஃபைலில் எழுது, கடைசியில் '1' கொடு என்றேன். லாகில் சேர்க்கலாம், அழிக்கக்கூடாது. பேரேட்டில் ரப்பர் போடுவோமா என்ன?

அக்காவுக்குத் திங்கட்கிழமை பாக்கிக் கூலி கிடைத்தது. அடுத்த சனிக்கிழமை லாகில் மூன்று வரிகள். மூன்றும் முதலாளி அண்ணாச்சி கைப்பட டைப் அடித்தவை!