வேலைக்கு வந்தால் மட்டும் இருமல்

கோவையில் கார்களுக்கு டிங்கரிங், பெயின்டிங் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் ஸ்ப்ரே கன் பிடித்த ஒரு பையனின் மூச்சு கெட்டதற்கு நான்தான் பொறுப்பு. அவன் வீட்டாரிடம் சொல்லிவிட்டேன். என்னைப் போன்ற பட்டறைக்காரர்களிடமும் சொல்லியாக வேண்டும்.

"ராத்திரியானா நெஞ்சு அடைக்குதுங்கண்ணா, விசில் மாதிரி சத்தம் வருது" என்று ஒருநாள் வந்து நின்றான். பனிக்காலம், சளி பிடித்திருக்கும் என்றேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனவன், அங்கிருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னான். கன்னைத் தொட்ட அன்றிரவே மறுபடி இழுப்பு. மற்ற ஆட்கள் முன்னால் வைத்தே கேட்டேன்: "லீவுல வராத இருமல் வேலைக்கு வந்தா மட்டும் வருதாடா?" பதில் பேசாமல் பெயின்ட் கலக்கப் போய்விட்டான்.

வேலையால் ஆஸ்துமா வந்திருக்குமோ என்று சந்தேகப்படும் மருத்துவர் முதலில் விசாரிப்பதும் இதைத்தான்: விடுமுறையில் குறைகிறதா, திரும்பி வந்தால் கூடுகிறதா? நோயின் அடையாளம் என் கண்முன் இருந்தது. அதையே காட்டி அவனைச் சோம்பேறி என்றேன்.

காரணம் ஹார்டனர். 2கே பெயின்டிலும் கிளியர் கோட்டிலும் சேர்க்கிற ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. 1984இல் போபாலில் கசிந்தது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு ரசாயனம். மூச்சுக்குழாய்க்கு ஒருமுறை ஐசோசயனேட் ஒவ்வாமல் போய்விட்டால், அப்புறம் துளி அளவு பட்டாலும் இழுப்பு வந்துவிடும். பல நேரம் வேலை முடிந்து சில மணி நேரம் கழித்தே இழுக்கும் என்பதால் பட்டறையில் ஆள் நன்றாகத்தான் தெரிவான். நான் வாங்கிக் கொடுத்தது துணி மாஸ்க். அது ஆவியைத் தடுக்காது. அடித்து முடித்ததும் பளபளப்பைப் பார்க்க அதையும் கீழே இறக்குவான். பெயின்ட் அடிக்கும் பூத்துக்குள் அப்போதும் கண்ணுக்குத் தெரியாத பெயின்ட் துகள்கள் மிதந்துகொண்டிருக்கும். சுத்தமான காற்றைக் குழாய் வழியாகத் தருகிற முகமூடி வேண்டும் என்று ஹார்டனரோடு வந்த பாதுகாப்புத் தாளிலேயே போட்டிருந்தது. படித்தேன். செலவை நினைத்து மடித்து வைத்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய தப்பு அப்புறம் செய்தது. ஆஸ்துமாதான், பெயின்ட் அடிக்கிற வேலையிலிருந்து உடனே மாற்றுங்கள் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை என் கையில் தந்தான். ஆயுத பூஜைக்குள் கொடுக்க வேண்டிய வண்டிகள் வாசல் வரை நின்றன. "பூஜை முடியட்டும் தம்பி, பட்டி வேலைக்கு மாத்திவிடறேன்" என்றேன். இன்ஹேலரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடித்தான். பூஜை முடிந்தது, தீபாவளி வேலை வந்தது. அதற்கும் அவனையே நிறுத்தினேன். நோய் வந்த பிறகும் அந்தக் காற்றிலேயே இருக்க இருக்க, முழுதாகக் குணமாகும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அந்த வாய்ப்பை அவனிடமிருந்து பறித்தவன் நான்.

இப்போது அவன் வேறு வேலையில் இருக்கிறான். இன்ஹேலரை விட முடியவில்லை. மருந்துச் செலவை நான் கொடுக்கிறேன். அதைப் பரிகாரம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். வேலையால் வரும் ஆஸ்துமா, 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் இ.எஸ்.ஐ. சட்டத்திலும் தொழில் நோயாகவே இருந்தது. ஆள் கணக்கு பத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டதால் என் பட்டறை இ.எஸ்.ஐ.க்குள் வரவில்லை. அதுவும் என் கைவேலைதான்.

பட்டறைக்காரர்களே, உங்கள் பெயின்டர் ராத்திரியில் இருமுகிறான் என்று தெரிந்தால், லீவு நாளில் எப்படி இருந்தது என்று கேளுங்கள். குறைந்தது என்றால் அன்றைக்கே கன்னை வாங்கி வையுங்கள். சம்பளத்தில் கை வைக்காமல் பூத்துக்கு வெளியே வேலை கொடுங்கள். ஹார்டனர் தாளையும் கையில் கொடுத்து நெஞ்சு மருத்துவரிடம் அனுப்புங்கள். பண்டிகை முடியட்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.