முதற் பாடம் மூச்சு

கீரிமலைக் கேணியின் மதிலுக்கு அப்பால் உவர்க்கடல் அலைமோதும்; இப்பால் நன்னீர் ஊறும். 1980களின் இறுதியில், அக்கேணிக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டுத் திண்ணையில், வைகறைதோறும் சிறுவன் ஒருவன் நாதசுரம் பயின்றான். நகுலேஸ்வரத் திருவிழாக்களில் மேளக் கச்சேரி கேட்டு வளர்ந்தவன் அவன். அளவெட்டி பத்மநாதனைப் போல வாசித்தல் வேண்டும் என்பதே அவனது வேட்கை.

ஆசிரியரோ கருவியை உடனே கொடுத்தாரல்லர். சரளி வரிசையை முதலில் வாயாற் பாடுவித்தார். பின்னர்ச் சீவாளியை மட்டும் நீட்டினார். அதை எச்சிலில் நனைத்து, உதடுகளால் மெல்லப் பற்றி ஊதுதல் வேண்டும். இறுக்கினால் ஓசை அடைபடும். தளர்த்தினால் காற்றுச் சிதறும்.

"சொண்டாலை பிடி தம்பி, பல்லாலை கடியாதை. சத்தம் அடிவயித்திலையிருந்து வரவேணும்" என்பார் அவர்.

மேலைநாட்டு ட்ரம்பெட்டிற் சீவாளி இல்லை. வாசிப்பவரின் உதடுகளே அதிர்கின்றன. ஆயினும், ஒரே சுரத்தை நடுக்கமின்றி நீட்டிப் பழகுதலே அங்கும் தொடக்கநிலைப் பயிற்சி. மூச்சு அடங்கிய பின்னரே விரலுக்கு வேலை.

அடுத்து வந்தது ஒத்து. கன்னங்களில் தேக்கிய காற்றை வெளிவிட்டவாறே மூக்கால் மூச்சை உள்வாங்கி, சுருதியை அறாது நிறுத்தும் பயிற்சி அது. சுருதிப்பெட்டி வந்தபின் பலரும் கைவிட்ட ஒத்தினை ஆசிரியர் கைவிடவில்லை. பிறர் இராகம் பொழிய, பின்னே நின்று ஒற்றைச் சுரம் ஊதுவது சிறுவனுக்கு நாணமாயிருந்தது. ஏழு துளைகளில் விரல் வைக்கும் நாளை எண்ணிக் காத்திருந்தான். அந்நாள் வந்து சில திங்கள்களே கழிந்தன.

1990இல் போர் ஊரைப் பெயர்த்தது. நாதசுரம் வீட்டோடு போயிற்று. சட்டைப்பையிற் கிடந்த சீவாளி மட்டும் அவனோடு சென்றது. இடம்பெயர்ந்து தங்கிய கொட்டில்களில் இசைக்கு இடமில்லை. இரவில், ஓசை எழாமல், கன்னத்திற் காற்றைத் தேக்கி மூச்சை மட்டும் பழகினான்.

ஆண்டுகள் பல கழித்து ஊர் திரும்பியவன், இரவல் நாதசுரம் ஒன்றை எடுத்தான். விரல்கள் துளைகளைத் தேடித் தடுமாறின. கற்ற வரிசைகள் பாதி மறந்திருந்தன. ஆனால், முதலில் எழுந்த சட்ஜம் நடுங்கவில்லை.

அவன் பெரிய வித்துவானாகவில்லை. தன்னிடம் பயில வரும் சிறுவர்க்கு இன்று முதலிற் சீவாளியையே கொடுக்கிறான். அவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அவனுக்கு அது புதிதன்று.